சின்ன சைட்டுக்கும் சேறு தடுப்பு விதி பொருந்துமா?

கேள்வி: 800 சதுர மீட்டர் மனையில் வீடும் முன்பக்கம் இரண்டு கடையும் கட்டுகிறேன். மனை ரோட்டைப் பார்த்துச் சரிவாக இருக்கிறது. பொக்லைன் வந்த அன்றே வேலை முடியட்டும் என்று மனை முழுவதையும் வெட்டித் திறந்துவிட்டோம். அடுத்து வந்த மழையில் சேறு ரோட்டிலும் மழைநீர் வடிகாலிலும் இறங்கிவிட்டது. உள்ளாட்சியிலிருந்து வந்து வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மண் அரிப்பு, சேறு தடுப்புத் திட்டம் என்று ஒன்று கொடுத்தால்தான் திரும்பத் தொடங்கலாமாம். கான்ட்ராக்டரோ இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கான சட்டம் என்கிறார். கறுப்புத் துணி வேலி ஒன்று வாங்கிக் கட்டினோம், அதுவும் அடுத்த மழையில் சாய்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் ஓடத்தானே செய்யும், அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? அஸ்திவாரக் குழியில் நிற்கும் தண்ணீரை மோட்டார் வைத்து வடிகாலில் விடலாமா?

பதில்: முதலில் கான்ட்ராக்டர் சொன்னதைப் பார்த்துவிடுவோம். அதை நம்பி இன்னும் ஒரு மழையைச் சும்மா விட்டீர்கள் என்றால் நோட்டீஸ் அபராதமாக மாறிவிடும்.

அவர் சொல்வது ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. உங்கள் ஊர் விதி வேறாக இருக்கலாம், ஆனால் இந்த மாதிரி விதிகள் எப்படி வளர்ந்தன என்பதற்கு அமெரிக்காவை உதாரணமாகப் பாருங்கள். அங்கே 1972 தூய நீர்ச் சட்டம் ஆரம்பத்தில் குறிவைத்தது தொழிற்சாலைக் குழாய்களையும் சாக்கடைக் குழாய்களையும்தான். 1987-ல் அதைத் திருத்தி மழைநீரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 1990-ல் வந்த விதி 5 ஏக்கரும் அதற்கு மேலும் மண்ணைக் கிளறுகிற கட்டுமானங்களுக்கு அனுமதி கட்டாயம் என்றது. 1999-ல் வந்த இரண்டாம் கட்ட விதி அந்த எல்லையை 1 ஏக்கருக்கு இறக்கியது, 2003-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. 1 ஏக்கருக்குக் கீழே இருந்தாலும், ஒரு பெரிய லேஅவுட்டின் பகுதியாக அந்த மனை இருந்தால் விதி பொருந்தும். அதே 1999 விதி இன்னொன்றும் செய்தது: தன் எல்லைக்குள் நடக்கிற கட்டுமானங்களிலிருந்து சேறு வடிகாலுக்குப் போகாமல் தடுக்கச் சொந்தமாகச் சட்டம் போட்டு, திட்டத்தைச் சரிபார்த்து, சைட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய கடமையை நகராட்சிகளின் தலையில் வைத்தது. அந்தச் சட்டங்களில் 1 ஏக்கரைவிடக் கீழான எல்லை வைத்தவை நிறைய உண்டு. சிங்கப்பூரில் இன்னும் கறார். மண் வேலை நடக்கும் சைட்டிலிருந்து வடிகாலில் விழும் தண்ணீரில் மிதக்கும் திடப்பொருள் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 50 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட வராது.

ஆகவே "பெரிய கம்பெனிச் சட்டம்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் விதி எந்த அளவில் தொடங்குகிறது, சரிவைப் பார்க்கிறதா, வடிகாலுக்கோ ஏரிக்கோ எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பார்க்கிறதா என்று உங்கள் கட்டட அனுமதியின் நிபந்தனைப் பக்கத்தில் தேடுங்கள். வரைபடத்தோடு வரும் அந்தப் பக்கத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. நோட்டீஸில் ஒரு விதி எண் போட்டிருப்பார்கள், அதை வைத்துக்கொண்டு தேடினால் சுலபம்.

அப்புறம், நீங்கள் எப்படிப் பொறுப்பு என்ற கேள்வி. தண்ணீர் ஓடியதற்காக யாரும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை. அந்த மனை புல்லும் புதருமாகக் கிடந்தபோதும் அங்கே மழை பெய்தது, தண்ணீர் ஓடியது, யாரும் வந்து கேட்கவில்லையே. தண்ணீரோடு உங்கள் மண் போனதற்குத்தான் நோட்டீஸ். கட்டுமான சைட்டிலிருந்து அடித்துப்போகும் வண்டல் விளைநிலத்தில் போவதைப்போல 10 முதல் 20 மடங்கு, காட்டு நிலத்தில் போவதைப்போல 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்குச் சொல்கிறது. சில மாதம்தான் வேலை, ஆனால் பல பத்தாண்டு மண் அந்தச் சில மாதத்தில் போய்விடும். போன மண் வடிகாலின் அடியில் படிந்து, குழாயின் கொள்ளளவைக் குறைத்து, அடுத்த பெருமழையில் உங்களுக்குக் கீழே இருக்கிற தெருவில் தண்ணீரை நிறுத்தும். அதைத் தூர்வாருகிற செலவு ஊர்ப் பணம். வடிகால் போய்ச் சேரும் குளத்தில் வெளிச்சம் உள்ளே இறங்காது, மீன் முட்டையிடும் இடத்தை மண் மூடும். உள்ளாட்சி கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது, இதை உங்கள் மனம் நோகாமல் வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தின் பார்வையில் பொறுப்பு பெரும்பாலும் இரண்டு பேருக்கும் உண்டு: என்ன கட்டுவது, எதை எப்போது வெட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமையாளருக்கு, அன்றாடம் சைட்டை நடத்தும் கான்ட்ராக்டருக்கு. கான்ட்ராக்ட் ஒப்பந்தத்தில் இந்த வேலைக்குத் தனியாக ஒரு வரியும் தனியாகத் தொகையும் இல்லையென்றால் அவர் செய்ய மாட்டார், கணக்கில் இல்லாத வேலையை யார் செய்வார்கள்? இப்போதாவது எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் துணி வேலி கட்டியதும் அது விழுந்ததும் அப்புறம்தான், தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. மனை முழுவதையும் ஒரே நாளில் திறந்தீர்களே, அது. சேற்றைப் பிடிப்பதற்கு முன்னால் மண்ணை இடத்தில் நிறுத்த வேண்டும். இந்த வரிசைதான் இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. உங்கள் அதிகாரி கேட்கும் திட்டத்தின் பெயரிலேயே மண் அரிப்பு முன்னால் வருகிறது, சேறு தடுப்பு பின்னால் வருகிறது பாருங்கள்.

ஏன் அப்படி என்று உங்கள் மண்ணை வைத்தே நீங்கள் பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சைட் மண்ணைப் போட்டு, மீதி தண்ணீர் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, ஜன்னலோரம் அசையாமல் வையுங்கள். மணல் நீங்கள் பாட்டிலை வைத்து நிமிர்வதற்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் சாம்பலோ பழுப்போ ஒரு மெல்லிய அடுக்கு மெதுவாக ஏறும், அதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்கு மேலே இருக்கிற தண்ணீர் மட்டும் மறுநாள் காலையிலும் டீ நிறத்திலேயே இருக்கும். அந்தக் கலங்கல்தான் களிமண். கணக்கு இதுதான்: ஒரு மீட்டர் ஆழமுள்ள அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அடிக்குப் போக சுமார் 2 நிமிடம், 0.01 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்குச் சுமார் 3 மணி நேரம், 0.001 மில்லிமீட்டர் களிமண் துகளுக்குச் சுமார் 13 நாள். துகள் பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. பாட்டிலில் மேல் தண்ணீர் ரெண்டு நாளாகியும் தெளியவில்லை என்றால் துணி வேலி, மணல் மூட்டை, சின்னத் தொட்டி எதை வைத்தாலும் உங்கள் கலங்கலை அது முழுதாகப் பிடிக்காது. அந்த மாதிரி மண் உள்ளவர் அதை அசையவிடாமல் வைப்பது ஒன்றுதான் வழி.

அசையவிடாமல் வைப்பது என்றால் என்ன? மேலே ஒரு போர்வை. மழைத்துளி நேராக மண்ணில் விழுந்து அதை உடைப்பதுதான் அரிப்பின் தொடக்கம், ஓடுகிற தண்ணீர் அப்புறம்தான் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் அரைக் கிலோ வைக்கோலைச் சீராகப் பரப்பினால் மிதமான சரிவில் மண் இழப்பு வெறும் நிலத்தில் போவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அறுபதுகளிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மண் இழப்புச் சமன்பாட்டின் எண் இது. இந்த வேலையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேறொன்றை நான் பார்த்ததில்லை. காற்றில் பறக்காமல் மேலே வலையோ கயிறோ கட்ட வேண்டும், செங்குத்துச் சரிவில் வைக்கோல் நிற்காது, அங்கே கயிற்றுப் பாய் விரித்து முளை அடிக்க வேண்டும். மண் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி ஓரங்களில் கல் வையுங்கள், குவியலை ரோட்டோரமாகவோ வடிகால் ஓரமாகவோ வைக்காதீர்கள். எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள், லாரிக்கு வசதி என்று.

விதிகள் இதற்குக் காலக்கெடுவும் வைத்திருக்கின்றன. அமெரிக்கக் கூட்டரசின் கட்டுமான அனுமதியில், ஒரு பகுதியில் 14 நாளோ அதற்கு மேலோ வேலை நடக்காது என்றால் அங்கே மண்ணை நிலைப்படுத்தும் வேலையை உடனே, அதிகம் போனால் அடுத்த வேலை நாளுக்குள், தொடங்கிவிட வேண்டும், 14 நாளுக்குள் முடிக்கவும் வேண்டும். ஒரே சமயத்தில் 5 ஏக்கருக்கு மேல் திறந்து போட்டால் முடிப்பதற்கான இந்த 14 நாள் கெடு 7 நாளாகக் குறையும். கொஞ்சமாகத் திற, திறந்ததை மூடு, அப்புறம் அடுத்ததைத் திற என்று நடப்பவருக்குச் சலுகை, மொத்தமாகத் திறப்பவருக்கு நெருக்கடி. உங்கள் சைட்டில் இனிமேல் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால், நீங்கள் செய்யக்கூடியது கடைகளின் பக்கத்தை இப்போதைக்கு மூடிவிட்டு வீட்டு அஸ்திவாரத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வது. பாதி மனைக்குப் போர்வை போட்டால் உங்கள் பிரச்சினையில் பாதி அன்றைக்கே குறைந்துவிடும்.

இன்னொன்று, மேட்டுப் பக்கத்து மனைகளிலிருந்து தண்ணீர் உங்கள் மனைக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது உங்கள் மண்ணைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோய்விடுங்கள், வாய்க்காலுக்குள் ஜல்லி போடுங்கள். அந்தத் தண்ணீர் சுத்தமானது, அதை அழுக்காக்கிவிட்டு அப்புறம் சுத்தம் செய்ய வேண்டிய தலைவலி எதற்கு.

இப்போது விழுந்த வேலிக்கு வருவோம். நீங்கள் துணியைக் கம்பத்தில் கட்டி அடியை மண்மேல் சும்மா விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பத்து சைட்டுக்கு எட்டில் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் வந்து துணியில் முட்டும், துணிக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற இடுக்கைக் கண்டுபிடிக்கும், அங்கே அரித்து அரைமணி நேரத்தில் கை நுழைகிற ஓட்டையாக்கும், அப்புறம் மொத்தத் தண்ணீரும் அந்த வழியாகப் போகும், கம்பத்தின் காலடி மண்ணும் கூடவே போகும், வேலி சாயும். செய்ய வேண்டிய முறை வேறு. வேலி போகிற வழியில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கான் வெட்டி, துணியின் அடிப்பகுதியை அதற்குள் இறக்கி, மண்ணைப் போட்டு நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கம்பங்கள் பள்ளத்துப் பக்கம், துணி மேட்டுப் பக்கம், அப்போதுதான் தண்ணீரின் அழுத்தத்தில் துணி கம்பத்தில் சாயும், பிய்த்துக்கொண்டு போகாது. வேலி ஒரே மட்டத்தில் போக வேண்டும். சரிவில் ஏறி இறங்கினால் தண்ணீர் எல்லாம் தாழ்ந்த மூலையில் கூடி அங்கே உடைக்கும். இரண்டு நுனிகளையும் மேட்டுப் பக்கம் வளைத்து விடுங்கள். 30 மீட்டர் வேலிக்குக் கால் ஏக்கர், அதாவது சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்புதான் உச்சவரம்பு என்பது பழகிய கணக்கு, உங்கள் 800 அதற்குள் அடங்குகிறது, ஆகவே வேலி போதும். ஆனால் தண்ணீர் ஒரே இடத்தில் ஓடையாகச் சேர்ந்து வருகிற இடத்தில் மட்டும் துணி வேலி வேலைக்காகாது, அங்கே கல் தடுப்போ சின்னத் தொட்டியோதான். வேலியின் உயரத்தில் பாதிவரை சேறு சேர்ந்ததும் அள்ளிவிடுங்கள், அள்ளியதை மேட்டிலேயே கொண்டுபோய்ப் போடுங்கள்.

தொட்டி வைக்கச் சொன்னால் எவ்வளவு பெரிதாக வைப்பது? அமெரிக்க அனுமதியில் ஏக்கருக்கு 3,600 கன அடி என்று ஒரு அளவு உண்டு, அது அந்தப் பரப்பு முழுவதும் ஓர் அங்குல மழை விழுந்து நிற்கிற அளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: 800 சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 20,000 லிட்டர், 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். சின்ன மனையில் இது பெரிய இடம். பாதி மனைக்குப் போர்வை போட்டு, மேட்டுத் தண்ணீரையும் சுற்றிவிட்டால் அதிகாரியிடம் இதைவிடச் சிறியதற்குப் பேச உங்களுக்கு நியாயம் இருக்கும், அப்போதும் முடிவு அவருடையது.

குழித் தண்ணீரை நேராக வடிகாலில் விடலாமா என்றால், கூடாது. நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது அதைச் செய்தால் உங்களுக்காகப் பேச யாராலும் முடியாது. முதலில் குழி தெளிய ஓரிரு நாள் விடுங்கள். உறிஞ்சும் ஹோஸை அடியில் போடாமல் ஒரு மிதவையில் கட்டி மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். மிதவை இல்லையென்றால் ஹோஸின் வாயை ஓட்டை போட்ட பக்கெட்டுக்குள் வைத்து, பக்கெட்டைச் சேற்றுக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள். எடுத்த தண்ணீரை வடிகட்டும் பை வழியாகப் புல் நிற்கிற இடத்தில் விடுங்கள், அல்லது தூசி அடங்கச் சைட்டுக்குள்ளேயே தெளியுங்கள். வெளியே விட்டே ஆக வேண்டும் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கி, விடும்போது பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, தண்ணீர் கலங்கினால் மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள்.

கான்கிரீட் கழுவிய தண்ணீர் இதிலும் சேராது. தெளிவாகத் தெரிந்தாலும் அதன் காரத்தன்மை pH அளவில் 12-ஐ ஒட்டி இருக்கும், மீனைக் கொல்லும், தோலைப் புண்ணாக்கும். தார்ப்பாய் விரித்த தனிக் குழியில் மட்டும் கலவை இயந்திரத்தையும் கரண்டிகளையும் கழுவச் சொல்லுங்கள், காய்ந்ததும் கட்டியாக எடுத்துப் போடலாம். இதை மேஸ்திரியிடம் நீங்களே நேராகச் சொல்லுங்கள், கான்ட்ராக்டர் வழியாகச் சொன்னால் போய்ச் சேராது.

வாசலில் பெரிய ஜல்லி பரப்பிய ஒரே ஒரு வழி வையுங்கள், லாரிகள் அதில் மட்டும் வரட்டும், டயர் மண் அங்கேயே உதிரும். ரோட்டில் ஒட்டிய மண்ணை அன்று மாலைக்குள் கூட்டி அள்ளுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவினால் ரோடு பளிச்சென்று ஆகும், மண் வடிகாலுக்குள் போகும், அது இன்னொரு மீறல். வடிகால் வாயைச் சாக்குப் போட்டு அடைக்கிற பழக்கமும் வேண்டாம், ரோடு குளமாகி அதற்கு வேறு புகார் வரும். வாயைச் சுற்றி ஜல்லிப் பைகளை இடைவெளியோடு அடுக்கினால் போதும்.

திட்டம் என்றதும் பயப்பட வேண்டாம், உங்கள் அளவுக்கு ஒரு வரைபடமும் இரண்டு பக்கமும் போதும். வரைபடத்தில் சரிவு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி, தண்ணீர் வெளியேறும் இடம், வடிகால் வாய், மண் குவியல், வேலி, ஜல்லி வாசல், கான்கிரீட் கழுவும் குழி. பக்கங்களில் எதை எந்தத் தேதியில் திறப்பீர்கள், எப்போது மூடுவீர்கள், யார் பார்த்துக்கொள்வார், அவர் போன் எண். வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள், பெரிய மழைக்குப் பின்னும் ஒருமுறை. அமெரிக்க அனுமதியில் 7 நாளுக்கு ஒருமுறை என்றும், அல்லது 14 நாளுக்கு ஒருமுறையோடு கால் அங்குல மழை பெய்த ஒவ்வொரு முறையும் என்றும் இரண்டு வழி உண்டு. பார்த்த குறை, சரிசெய்த தேதி இரண்டும் நோட்டில் இருக்கட்டும். குறையே எழுதாத நோட்டை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார்.

நோட்டீஸுக்கு என்ன செய்வது? மேல்முறையீட்டில் நாளைப் போக்காமல் முதலில் ரோட்டிலும் வடிகால் வாயிலும் கிடக்கிற உங்கள் மண்ணை மண்வெட்டியால் அள்ளி உள்ளே கொண்டுவாருங்கள், முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். வேலை நிறுத்தம் கட்டடத்துக்குத்தான், சேறு தடுப்பு வேலைக்குப் பெரும்பாலும் தடை இருக்காது, ஆனால் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டு ஆரம்பியுங்கள். வைக்கோலும் வேலியும் போட்டு முடித்த பிறகு திட்டத்தோடு அதே அதிகாரியை சைட்டுக்குக் கூப்பிடுங்கள். காகிதத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் வாரக்கணக்கில் கிடக்கும்.

கடைசியாக ஒன்று, வீடு கட்டி முடிந்ததும் கோப்பு தானாக மூடாது. வெறும் மண்ணாக எதுவும் மிச்சமில்லாமல் இருக்க வேண்டும். அமெரிக்க அனுமதியில் அந்த நிலத்தில் இயல்பாக இருக்கக்கூடிய செடிப் போர்வையில் 70 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்பது அளவு. அப்புறம் வேலியையும் பைகளையும் எடுத்துவிட்டு, வேலை முடிந்ததென்று எழுதிக் கொடுத்து, ஏற்றுக்கொண்டதாகப் பதில் கடிதம் வாங்கி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.